கைபேசிக்குள் களவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைபேசிப் பாதுகாப்பு குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். பணத்தை இழந்தவர்கள் அதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள் என்பது கடிதங்களின் தொனியிலேயே தெரிகிறது. அந்தக் கூச்சம் அவர்களுக்குத் தேவையற்றது. புகாரைத் தாமதப்படுத்துவதால் திருடர்களுக்கு மட்டுமே அது உதவுகிறது.

கேள்வி: என் பெரியப்பா மகனின் எண்ணிலிருந்து என் கணவரின் வாட்ஸ்அப்புக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. அதைத் தொட்டதும் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்துவிட்டார். பத்திரிகை திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கணக்கிலிருந்து மூன்று முறையாக 62,000 ரூபாய் போயிருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். பிறகு எப்படிப் பணம் போகும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் கணவரை நம்புங்கள், அம்மா. ஓடிபியை அவர் வாயால் சொல்ல வேண்டிய தேவையே திருடர்களுக்கு இருந்திருக்காது. அதைத் தாங்களே படித்துக்கொள்ளும் அனுமதி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

பத்திரிகை என்று வந்தது பெரும்பாலும் ‘.ஏபிகே’ என்று முடியும் கோப்பாக இருந்திருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை நிறுவுவதற்கான கோப்பு அது. போக்குவரத்து அபராத ரசீது, பி.எம். கிசான் தவணை, வங்கியின் கேஒய்சி புதுப்பிப்பு என்று வெவ்வேறு பெயர்களில் இதே சரக்கு உலவுகிறது. உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். அதைத் திறப்பதற்கு ‘இன்ஸ்டால்’ என்ற பொத்தானை எந்தக் கைபேசியும் காட்டாது. அந்தப் பொத்தானைக் கண்ட இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். உறவினரின் எண்ணிலிருந்து வந்ததே என்று ஐயப்படாமல் இருந்ததும் இயல்புதான். ஏற்கெனவே சிக்கிய ஒருவரின் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி, அவருடைய தொடர்புகள் அனைவருக்கும் அதே கோப்பை அனுப்புவது இக்கும்பல்களின் வழக்கம். உங்கள் பெரியப்பா மகனின் கைபேசியும் இந்நேரம் அவர்கள் வசம் இருக்கக்கூடும் என்பதால், அவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.

நிறுவியதும் அந்தச் செயலி முதலில் கேட்பது குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி. அது கிடைத்தவுடன், வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கணவரின் கண்ணில் படுவதற்கு முன்பே வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதைவிடக் கடுமையான இன்னொன்றும் உண்டு. யுபிஐ செயலியை ஒரு கைபேசியில் தொடங்கும்போது, அந்த எண்ணுக்குரிய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வங்கிக்குச் சென்றுதான் ‘இது இவருடைய எண்’ என்பது உறுதியாகிறது. குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதி கையில் இருந்தால், திருடர் தன் கைபேசியில் தொடங்கும் யுபிஐக்குத் தேவையான செய்தியை உங்கள் சிம்மிலிருந்தே அனுப்ப வைக்க முடியும். அதன்பின் வேண்டியது டெபிட் அட்டை விவரம் மட்டுமே. அதையும் ‘சரிபார்ப்பு’ என்ற பெயரில் ஒரு படிவத்தைக் காட்டி அந்தச் செயலியே வாங்கிக்கொள்ளும்.

அடுத்து அது கேட்பது ‘அக்செஸிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவாக்கப்பட்ட அருமையான வசதி அது. அதே காரணத்தால், தீய செயலி ஒன்றின் கையில் சிக்கினால் திரையில் தெரியும் அனைத்தையும் படிக்கவும், உங்களுக்குப் பதிலாக அதுவே தொடவும் வழிவிடுகிறது. இப்படிக் கோப்பு வழியே நிறுவப்படும் செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதவாறு 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் கூகுள் ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. ஆயினும், ‘அமைப்புகளுக்குப் போங்கள், மேலே மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்’ என்று தொலைபேசியிலேயே வழிகாட்டி அந்தத் தடுப்பையும் நம் கையாலேயே எடுக்கவைத்துவிடுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கு, அட்டை, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930. இது தேசிய சைபர் நிதி மோசடி உதவி எண். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும்; அது ரொக்கமாக எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க இந்த ஏற்பாடு முயலும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள்.

கைபேசியைப் பொறுத்தவரை, அந்தச் செயலியை மட்டும் நீக்கிவிட்டுத் திருப்திப்படுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது தன் படக்குறியை மறைத்துக்கொண்டிருக்கலாம். வேறொன்றை உடன் நிறுவியும் இருக்கலாம். புகாருக்குத் தேவையான திரைக் காட்சிகளையும் அந்தக் கோப்பு வந்த உரையாடலையும் இன்னொரு கைபேசியால் படமெடுத்துக்கொண்டு, புகைப்படங்களை மட்டும் தனியே சேமித்துவிட்டு, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிடுவதே நல்லது. கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பிறகு அமைப்புகளில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்று, வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்த உரிமை அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. வீட்டிலுள்ள பெரியவர்களின் கைபேசியிலும் கையோடு செய்துவிடுங்கள்.

கேள்வி: ரயில் நிலையத்தில் சார்ஜ் போட்டால் செல்போனில் உள்ளதை எல்லாம் திருடிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? இலவச வைஃபையும் ஆபத்தா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: யுஎஸ்பி வடத்தின் வழியே மின்சாரமும் தரவும் செல்லும் என்பதால் அப்படி ஓர் ஆபத்து கோட்பாட்டளவில் உண்டு, ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேட்டிலும் இது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இன்றைய கைபேசிகள், வடத்தைச் சொருகினால் சார்ஜ் மட்டுமே ஏற்கும். தரவைப் பகிரலாமா, இந்தக் கணினியை நம்பலாமா என்று திரையில் கேட்டு, நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். உங்கள் சொந்த சார்ஜரைச் சுவரிலுள்ள மின்செருகியில் போட்டால் அந்தக் கவலையும் இல்லை. இலவச வைஃபையைப் பற்றிய அச்சமும் பழைய காலத்தது. வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் இப்போது பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்தே தரவை அனுப்புகின்றன. வைஃபையில் இணைவதற்காக ஏதாவது செயலியை நிறுவச் சொன்னாலோ அட்டை எண்ணைக் கேட்டாலோ மட்டும் விலகிவிடுங்கள். உண்மையான களவு வேறு வழிகளில் நடந்துகொண்டிருக்கும்போது, சார்ஜ் போடும் இடத்தைக் கண்டு மட்டும் அஞ்சுவது கவனத்தைத் திசைதிருப்பிவிடும் என்பதே என் கவலை.

கேள்வி: கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். பார்சல் கொண்டுவரும் பையனின் எண் என்று சொல்லி, அதற்கு முன்னால் *21* சேர்த்து அழைக்கச் சொன்னார். அழைத்தேன். அன்று மாலையே என் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. என் பெயரில் நண்பர்களிடம் பணம் கேட்கிறார்கள். (வாசகர், கோவில்பட்டி)

பதில்: நீங்கள் அழைத்தது யாருடைய எண்ணையும் அன்று. உங்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடுமாறு உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இட்ட கட்டளை அது. ‘*401*’ என்று தொடங்குவதும் இதே வகைதான். வாட்ஸ்அப் தன் ஆறிலக்கக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாக மட்டுமின்றிக் குரல் அழைப்பாகவும் சொல்லும். அந்த அழைப்பு அவரிடம் போய்ச் சேர்ந்ததும் உங்கள் கணக்கு அவர் கைபேசியில் திறந்துகொண்டது. இப்படிக் குறியீட்டு எண் வழியே அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தும் இந்த மோசடி ஓய்ந்தபாடில்லை என்பதை உங்கள் கடிதம் காட்டுகிறது.

##002# என்று அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். உறுதிப்படுத்திக்கொள்ள, கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் அறியாத எண் ஏதும் இருக்கக்கூடாது. பிறகு வாட்ஸ்அப்பை மீண்டும் உங்கள் எண்ணில் பதிவு செய்தால் அவர் வெளியேற்றப்படுவார். அவர் ஏற்கெனவே ஆறிலக்க பின் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாட்கள் காத்திருக்க நேரலாம். ஆனால் உங்கள் பதிவு நடந்த கணமே அவரால் அந்தக் கணக்கைப் பயன்படுத்த முடியாமல் போகும். உள்ளே வந்ததும் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ பகுதியில் உங்கள் சொந்த பின்னை வையுங்கள். ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலையும் பாருங்கள். உங்களுடையது அல்லாத கணினி அங்கே இணைந்திருந்தால் உடனே நீக்குங்கள். இந்தப் பட்டியலைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய், மற்றவர்களுக்கு இருந்து உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் திரும்பவில்லை என்றால், யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி நிறுத்திவைக்கப்படுவது இத்தகைய மோசடியைத் தடுக்கத்தான். அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்; அதை வீணாக்காமல் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் எவரும் பார்க்கலாம்; அறியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

கேள்வி: பேருந்தில் என் செல்போனைப் பறிகொடுத்தேன். திரைக்குப் பூட்டு போட்டிருந்தேன். அப்படியானால் பயப்பட வேண்டியதில்லை அல்லவா? (வாசகர், வேலூர்)

பதில்: திரைக்குப் பூட்டு போட்டிருந்தீர்கள், சிம்முக்குப் போட்டிருந்தீர்களா? இந்த இரண்டாவது பூட்டைப் பற்றிப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. திருடுபவர் உங்கள் திரையோடு மல்லுக்கட்ட மாட்டார். சிம்மைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டால், உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவருக்கு வரத் தொடங்கிவிடும். பாதுகாப்பு அமைப்புகளில் உள்ள ‘சிம் லாக்’ வசதியை இயக்கினால், கைபேசியை ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும், சிம்மை வேறெதிலும் செருகும்போதும் ஒரு பின் எண்ணைக் கேட்கும். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க நிறுவனத்திடமிருந்து எட்டிலக்க ‘பியுகே’ எண்ணைப் பெற வேண்டும். நிறுவனம் தரும் முதல் பின் எண்ணைத் தெரிந்துகொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும். ஊகித்துப் போட்டுப் பார்க்கக்கூடாது. பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரிவதையும் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் பூட்டைத் திறக்காமலேயே ஓடிபியைப் படித்துவிடலாம்.

இழந்த கைபேசிக்கு இப்போது செய்ய வேண்டியது, முதலில் சிம்மை முடக்குவது. உடனே வங்கிக்கும் யுபிஐக்கும் சொல்வது. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சிஇஐஆர்’ பகுதியில் கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பதிந்தால், இந்தியாவில் எந்த நிறுவனத்தின் வலைப்பின்னலிலும் அது இயங்காதபடி தடை விழும். ஐஎம்இஐ எண் வாங்கிய பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். கைபேசி கையில் இருப்பவர்கள் *#06# என்று அழுத்தி இப்போதே குறித்து வைக்கலாம்.

புதிதாக வாங்கும் கைபேசியில், கூகுள் 2024-இல் கொண்டுவந்த ‘தெஃப்ட் ப்ரொடெக்‌ஷன்’ பகுதியைத் தேடி இயக்குங்கள். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். ஐபோனிலும் 2024 ஜனவரி முதல் திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு வசதி ஒன்று வந்துவிட்டது. திரைப் பூட்டு நான்கு இலக்கமாக இருந்தால் ஆறாக மாற்றுங்கள். பத்தாயிரம் வாய்ப்புகள் பத்து லட்சம் ஆகும்.

கேள்வி: நான் எங்கே போகிறேன், யாரோடு பேசுகிறேன் என்பதெல்லாம் என்னைவிட்டுப் பிரிந்துவிட்ட கணவருக்கு அப்படியே தெரிகிறது. என் போனில் ஏதாவது வைத்திருப்பாரா? (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: இருக்கலாம். ஆனால் மறைந்திருந்து கண்காணிக்கும் செயலியைவிட எளிய காரணங்களை முதலில் பாருங்கள். உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருந்தாலே, உங்கள் இருப்பிடம், புகைப்படங்கள், தொடர்பு எண்கள் அவ்வளவும் அவருடைய சாதனத்திலும் தெரியும். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு பழைய நாளில் தொடங்கி இன்னும் அணைக்கப்படாமல் இருக்கலாம். வாட்ஸ்அப் அவருடைய மடிக்கணினியில் இணைந்திருக்கலாம். செயலி நிறுவப்பட்டிருந்தால், தீய செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் ‘ப்ளே ப்ரொடெக்ட்’ அணைக்கப்பட்டிருப்பது, அக்செஸிபிலிட்டி பட்டியலிலும், கைபேசியை நிர்வகிக்கும் உரிமை பெற்ற செயலிகளைக் காட்டும் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலிலும் புரியாத பெயர் ஒன்று இருப்பது ஆகியவை அடையாளங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். கண்காணிப்பைத் துண்டித்த நொடியே அது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் வன்முறையில் இறங்கக்கூடியவர் என்றால், முதலில் உங்கள் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரின் கைபேசியிலிருந்து மகளிர் உதவி எண் 181-ஐ அழைத்துப் பேசுங்கள். தேடுவதையும் உங்கள் கைபேசியில் செய்யாதீர்கள். சான்றுகளைப் படமெடுத்து வைத்த பிறகு, வேறொரு சாதனத்தில் புதிய மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கணவராக இருந்தவர் என்பதற்காக உங்கள் கைபேசிக்குள் நுழைய அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் நம்மைப் போன்ற சாதாரணமானவர்கள் போனிலும் நுழையுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருள் அரசுகளுக்கு விற்கப்படுவது. 2019-இல் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, அழைப்பை எடுக்காமலேயே கைபேசிக்குள் நுழையுமாறு சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். இதழாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவில் எழுந்த குற்றச்சாட்டுகளை ஆராய உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அக்குழு சோதித்த 29 கைபேசிகளில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இவ்வளவு விலையுயர்ந்த கருவியை உங்கள்மீது செலவிட யாரும் முன்வர மாட்டார்கள். ஆனால் அதே வகைக் குறைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்படுவது மென்பொருள் புதுப்பிப்புகளின் வழியேதான் என்பதால், புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். களப்பணியில் இருக்கும் இதழாளர்கள், வழக்கறிஞர்கள் போன்றோர் ஐபோனில் ‘லாக்டவுன் மோடு’, ஆண்ட்ராய்டு 16-இல் ‘அட்வான்ஸ்டு ப்ரொடெக்‌ஷன்’ ஆகிய கூடுதல் பாதுகாப்பு வசதிகளை இயக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆறு வருடப் பழைய போன் நன்றாகவே ஓடுகிறது. ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: போதாது. மென்பொருள் குறைகளைத் திருத்துவது புதுப்பிப்புகள்தான். அமைப்புகளில், கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தைக் குறிக்கும் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கும் மேல் பழையதாக இருந்தால், அந்தக் கைபேசியைப் பேசவும் பாட்டு கேட்கவும் வைத்துக்கொண்டு வங்கி வேலையை வேறொன்றுக்கு மாற்றுங்கள். புதிது வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள்.

கேள்வி: பணம் போன அன்றே வங்கியில் சொன்னேன். ‘உங்கள் கவனக்குறைவு, நாங்கள் பொறுப்பில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இத்தோடு முடிந்ததா? (வாசகர், ஈரோடு)

பதில்: முடியவில்லை, முடியவும் விடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பு எந்த அளவு என்பதைத் தெளிவாக வரையறுத்தது. வங்கியின் குறையால் நடந்திருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி வெளியார் செயலால் பணம் போய், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தாலும் அவ்வாறே. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்புவரை மட்டுமே இழப்பு உங்களுடையது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு. வாடிக்கையாளர்மீது பழி இருக்கிறது என்று நிறுவ வேண்டிய சுமையும் வங்கியுடையதே. இதைத்தான் கிளைகளில் சொல்லாமல் விடுகிறார்கள். வயதானவர்களையும் ஆங்கிலம் அறியாதவர்களையும் ஒரு வரியில் திருப்பி அனுப்புவது மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். நடந்ததை நேரத்தோடு எழுதி, 1930-இல் கிடைத்த புகார் எண்ணையும் சேர்த்து, கிளை மேலாளரிடம் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தமிழிலேயே எழுதலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. முறையிடும் வழியைத் தெரிந்துகொள்ள 14448 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த முத்திரையிட்ட நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். குறைதீர்ப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான்.